படத்தில் இல்லாதது

தங்கையின் மூச்சு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் தொரிக்கா அழவில்லை. எனெலெசியின் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்துப் பாயைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு முறை தொட்டாள். அங்கேயும் ஈரமில்லை. அதற்குப் பிறகுதான் கையை எடுத்து, தங்கையின் வாயை மூடி, ஒரு துணிக்கீற்றால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள்.

வெளியே வெயில் வந்துவிட்டது. எட்டு வயது மகள் மாயாமிகோ முற்றம் பெருக்கும் சத்தம் கேட்டது. ஏரிப்பக்கமிருந்து குளிர்காலத்துக் காற்று ஓலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. தொரிக்கா உடனே யாரையும் கூப்பிடவில்லை. ஈரமிருந்தால் துணியை மாற்றிவிட்டுத்தான் ஊரைக் கூப்பிட வேண்டும், உள்ளே வருகிற பெண்களில் ஒருத்திகூட மூக்கைச் சுருக்கிவிடக் கூடாது என்று அவள் நினைத்திருந்தாள். நான்கு வருடமாக எனெலெசி எல்லாரையும்போல உலர்ந்த உடம்போடுதான் இருந்தாள். ஆனாலும் அதற்கு முந்தைய பதினாலு வருடம் தொரிக்காவின் கையைவிட்டுப் போகவில்லை.

ஈரமாவதற்கு அந்த உடம்பில் எதுவும் மிச்சமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டன என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பதினாலு வருடம் நிற்காமல் ஒழுகிய நீர், கடைசிப் பத்து நாள் ஒரு சொட்டு வரமாட்டேன் என்றது. கால் வீங்கி, முகம் வீங்கி, எனெலெசி அதையும் சொல்லிச் சிரித்தாள். "அக்கா, இதுக்கு எப்பவுமே ஒரு அளவு தெரியாது" என்றாள்.

தொரிக்கா வாசலில் வந்து நின்று தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குரலெடுத்தாள். மகள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். பக்கத்து முற்றத்திலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டும்போது துணியை யாரிடமும் கொடுக்காமல் தொரிக்காவே வைத்துக்கொண்டாள். கை, கழுத்து, முதுகு, கால். அடிவயிற்றில் அறுவைத் தழும்பைத் துடைக்கும்போது அவளுக்கு உதவிய கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேவாலயத்து மாதர் சங்கத்துக்காரிகள் வெள்ளை மேல்சட்டையும் கறுப்புப் பாவாடையும் கொண்டுவந்து வைத்தார்கள். சங்க உடுப்பிலேயே அடக்கம் செய்யலாம் என்று மூப்பர்கள் சொல்லிவிட்டார்களாம். தொரிக்கா தலையாட்டினாள். இதே சங்கம் பதினாறு வருடத்துக்கு முன்னால் எனெலெசியைப் பின்வரிசைக்கு அனுப்பியது, பிறகு வாசலுக்கு வெளியே மாமரத்தடிக்கு அனுப்பியது. கடைசியில் அவளாகவே வராமல் நின்றுகொண்டாள். அப்போது தொரிக்கா உள்ளே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

எனெலெசிக்குப் பிரசவவலி கண்டபோது வயது பதினேழு. அவர்கள் வழக்கப்படி அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள், புருஷன்தான் இந்த ஊருக்கு வந்திருந்தான். முதல் நாள் போனது, இரண்டாம் நாள் போனது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் தாய்மாமன் பிசெக்கி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வலைக்காரர்களோடு ஏரியின் அக்கரைக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் யாரோ சைக்கிள் கொடுத்தார்கள். பிள்ளை செத்துப் பிறந்தது. ஒரு வாரம் கழித்து எனெலெசியின் பாய் நனைய ஆரம்பித்தது, பிறகு நிற்கவேயில்லை. பிள்ளையின் தலை நாள்கணக்கில் அழுத்தியதில் உள்ளே சதை செத்துச் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அவர்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு ஒருத்தர் சாபம் என்றார், ஒருத்தர் அவள் நடத்தை என்றார். புருஷன் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். வரவில்லை.

முற்றத்தின் ஓரத்தில், சமையற்குடிசைக்குப் பின்னால், அவளுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக்கொடுத்தார்கள். அம்மா செத்த பிறகு சாப்பாடு கொண்டுபோய் வைப்பது தொரிக்காவின் வேலையானது. களியும் குழம்பும் தனித் தட்டில் போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வருவாள். தங்கையைப் பட்டினி போட்டதில்லை, ஒருநாளும் திட்டியதில்லை. இதை அவள் பெருமையாகவே நினைத்திருந்தாள்.

லுசுங்கு வந்தது அந்தப் பதினாலாவது வருடத்தில். தலைநகரில் படம் எடுக்கிறவள், நாட்டின் வடக்குப் பக்கத்துப் பெண், பேச்சிலேயே தெரியும். நர்ஸ் ஒருத்தியோடு ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட பெண்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எனெலெசியின் குடிசை வாசலில் முதல் நான்கு நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. கூட உட்கார்ந்து கடலை உரித்தாள். பிறகு இரண்டு வாரம் எடுத்தாள். தொரிக்காவையும் எடுத்தாள். சமையற்குடிசை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே தொரிக்கா பேசினாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தன் பேச்சை ஒருத்தி இவ்வளவு கவனமாகக் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதம் கழித்து லுசுங்கு திரும்பி வந்தாள். வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் எனெலெசி பார்க்க வேண்டும், அவள் வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிடுகிறேன் என்றாள். பள்ளிக்கூடத்து அறையில், ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, மேசைமேல் கணினியை வைத்துக் காட்டினாள். தொரிக்கா கதவோரத்தில் நின்று பார்த்தாள்.

படத்தில் விடிவதற்கு முன் ஒரு பெண் துணிமூட்டையைத் தலையில் சுமந்து ஏரிக்கு நடந்தாள். மற்ற பெண்கள் வருவதற்கு முன் துவைத்து முடித்து, வேறு வழியாகத் திரும்பினாள். துணிகளை வேலியில் உலர்த்தாமல் புதருக்குப் பின்னால் உலர்த்தினாள். இருபது அடி தூரத்தில் பதினாலு வருடம் இருந்தும் தொரிக்கா இதைப் பார்த்ததில்லை. பிறகு முற்றம் வந்தது. மூன்று வயது மாயாமிகோ தடுக்கி விழுந்து அழுதாள். எனெலெசி ஓடிவந்து குனிந்தாள், இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தையும் கையை நீட்டியது. அப்போது எனெலெசி தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அழாதேடி, அம்மா வருவா என்று தள்ளி நின்றே சொன்னாள். குழந்தை அழுதுகொண்டே அவளை நோக்கி நடந்தது. அவள் ஓரடி ஓரடியாகப் பின்னால் போனாள்.

தொரிக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். அடுத்துப் படத்தில் அவள் முகமே வந்தது. கையில் கீரையோடு, சாவகாசமாகப் பேசினாள்.

"அவளுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. எப்பவும் அப்படித்தான். என் மூத்தவனுக்கு ஊசி போடப் போனப்பவே நர்சம்மா சொன்னாங்க, இதைத் தைக்கிற ஆஸ்பத்திரி பெரிய ஊர்ல இருக்குன்னு. அது ஆச்சு பன்னெண்டு பதிமூணு வருஷம். நான் அவகிட்ட சொல்லல. சொல்லி என்ன. மினிபஸ்ல அவ பக்கத்துல யாரு உக்காருவா?"

படம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. எனெலெசி அதைக் கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் லுசுங்கு கணினியை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில், அந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"என்னைக் கேக்காதே. அது அவ வாய்" என்றாள் எனெலெசி.

தொரிக்கா வெளியே போனாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றாள். எடுத்துவிடு என்று சொன்னால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. ஊரில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. நோயாளித் தங்கையைக் கைவிடாதவள் என்ற பெயர். திரும்பி வந்தபோது லுசுங்கு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தொரிக்கா அவள் முகத்தைப் பார்க்காமல், இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது எனெலெசி வழக்கம்போல் பத்தடி பின்னால் வந்தாள். பாதி வழியில் கேட்டாள்: "அந்த நர்சம்மா பேர் என்ன?"

"தெரியல."

"நல்லவங்க போலிருக்கு."

அவ்வளவுதான். அதைப் பற்றி எனெலெசி பிறகு சாகும்வரை பேசவில்லை. இரண்டு வாரம் தொரிக்கா வைத்த சாப்பாடு வாசற்படியிலேயே காய்ந்தது. எனெலெசி தானே கல் கூட்டிச் சமைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஒருநாள் கையில் சீப்போடு தொரிக்காவின் வாசலுக்கு வந்து நின்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். இப்படியேவா போறது? தலை பின்னிவிடு" என்றாள். தொரிக்கா கால்களை அகட்டி உட்கார்ந்தாள். எனெலெசி அவள் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். பதினாலு வருடத்தில் முதல் தடவையாகத் தொரிக்கா தங்கையின் தலையைத் தொட்டாள். பின்னி முடிக்க மதியமாகிவிட்டது. எனெலெசி எழுந்து போன பிறகு தரையில் ஈரம் இருந்தது. தொரிக்கா அதன்மேல் மண்ணைப் போடாமல் விட்டுவிட்டாள்.

தைத்தது ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து எனெலெசி மினிபஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவள் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. லுசுங்கு ஒரு வண்டியும் ஜெனரேட்டரும் வெள்ளைத் துணியும் ஏற்பாடு செய்தாள். பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பொட்டலில் துணியைக் கட்டிப் படத்தைப் போடுவார்கள். முடிந்ததும் எனெலெசி எழுந்து, அது நான்தான் என்பாள். ஊர்த்தலைவருக்குப் போட்டிருந்த நாற்காலியைக் கேட்டு வாங்கி அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவாள். பிறகு எழுந்து, "பாருங்க, காஞ்சிருக்கு. தலைவர் இனிமே தைரியமா உக்காரலாம்" என்பாள். கூட்டம் சிரிக்கும். தலைவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மறுநாள் காலையில், தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி, யாராவது ஒருத்தி வந்து தள்ளி நிற்பாள். எனெலெசி அவளைத் தன்னோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள். நான்கைந்து ஊர்களில், வலி எடுத்த பெண்ணை யார் அனுமதிக்கும் காத்திராமல் வண்டியேற்ற வேண்டும் என்று தலைவர்கள் கட்டளை போட்டார்கள். இந்த ஊரில் சைக்கிளுக்குப் பின்னால் படுக்கை வைத்து ஒரு வண்டி செய்து, தலைவர் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள்.

படம் போன ஊர்களுக்கெல்லாம் தொரிக்காவின் முகமும் போனது. சந்தையில் உசிப்பா மீன் வாங்கும்போது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடிப்பார்கள். "தட்டு அக்கா" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். தொரிக்கா திரும்பிப் பார்க்க மாட்டாள். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு தடவைகூட அதை எடுத்துவிடச் சொல்லி லுசுங்குவிடம் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் எனெலெசிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மருத்துவர் தொரிக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இத்தனை வருடம் ஓட்டை வழியாகக் கிருமி ஏறி ஏறிச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லக் கெட்டிருக்கின்றன, தைக்கும்போதே பாதி போய்விட்டது, பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் நிலைமை வேறு என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார். தொரிக்கா அதை எனெலெசியிடம் சொல்லவில்லை. இரண்டாவது முறையாகவும் ஆஸ்பத்திரியில் கேட்டதைத் தங்கையிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பெண்கள் தரையில் கால் நீட்டி உடம்பைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஆண்கள் மாமரத்தடியில் விறகைப் போட்டுத் தீ மூட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணத்தில் மக்காச்சோள மாவு வந்தது. மூன்று மணிக்கு ஒரு திறந்த லாரி வந்து நின்றது. அதிலிருந்து முன்பின் தெரியாத பெண்கள் இறங்கினார்கள். சிலர் கையில் குழந்தை இருந்தது. எல்லாரும் இடுப்பில் ஒரே மாதிரிச் சிட்டேஞ்சித் துணி கட்டியிருந்தார்கள். வாசலுக்கு வந்ததும் தயங்காமல் உள்ளே போய், உடம்பை ஒட்டி, நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களில் ஒருத்தி உட்கார இடம் தேடித் தொரிக்காவின் அருகில் வந்தாள். வந்தவள் தொரிக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். பிறகு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

லுசுங்கு பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. சிறுவர்கள் அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமரா கொண்டுவரவில்லையா என்று பிசெக்கி மாமாவே கேட்டார். சாவுக்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு அவள் பெண்களோடு போய் உட்கார்ந்து, யாரோ தோல் சீவ வைத்திருந்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அடக்கத்தின்போது இறந்தவளின் வாழ்க்கையை எழுதிப் படிக்க வேண்டும். அதை மாமா பள்ளி ஆசிரியரைக் கொண்டு எழுதவைத்திருந்தார். சாயங்காலம் தொரிக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார்கள். எந்த வருடம் பிறந்தாள், யார் மகள், எத்தனாவது வகுப்புவரை படித்தாள், எந்த வருடம் கல்யாணம், ஒரு பிள்ளை தவறியது, பலருக்கு உதவினாள், சிறிது காலம் நோயுற்றிருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டாள் தொரிக்கா.

மாமா தொப்பியை முழங்கால்மேல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. "படத்துல எல்லாம்தான் இருக்கு. அது போதும். பொணத்து முன்னாடி எதுக்கு? அவளை மரியாதையா அனுப்பி வைப்போம்" என்றார். தொரிக்கா எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் பெட்டியை மாமர நிழலில் வைத்தார்கள். பாதிரியார் ஜெபித்தார். ஆசிரியர் தாளைப் பிரித்தார். தொரிக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அவ்வளவாகப் படிக்கத் தெரியாது. நான் பேசுறேன் என்றாள். ஆசிரியர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். ஆசிரியர் தாளை மடித்தார்.

தொரிக்கா கூட்டத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் கால்பக்கத்தைப் பார்த்துப் பேசினாள். பிறந்தது முதல் கல்யாணம் வரை தாளில் இருந்ததையே சொன்னாள். பிறகு வலி எடுத்த நாளைச் சொன்னாள். முதல் நாள் என்ன செய்தோம், இரண்டாம் நாள் என்ன செய்தோம் என்று சொன்னாள். மூன்றாம் நாள்தான் சைக்கிள் கிடைத்தது என்றாள். யாருக்காகக் காத்திருந்தோம் என்று சொல்லவில்லை. மாமா தொப்பியைக் கழற்றினார்.

"படத்துல நான் பேசினதை எல்லாரும் பாத்திருக்கீங்க" என்றாள். "அது நெசம். ஆனா படம் எடுத்தப்ப எனக்கு ஒண்ணு தெரியாது. டாக்டர் இப்பதான் சொன்னாரு. பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா என் தங்கச்சி கிட்னி பொழைச்சிருக்கும். நர்சம்மா எங்கிட்ட சொன்னது பதினாறு வருஷம் முன்னாடி."

மாமரத்தில் காற்று அடித்தது. ஒரு குழந்தை எதையோ கேட்டது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"இது படத்துல இல்ல. அவளுக்கும் தெரியாது. அவ போற எடமெல்லாம், தாமதமானாலும் பரவாயில்ல, வாங்கன்னு சொன்னா. தாமதம் ஆனா என்ன ஆகும்னு நான் சொல்றேன். அவ்வளவுதான்."

அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். யாரும் பாடத் தொடங்கவில்லை. பாதிரியார்கூட என்ன செய்வது என்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டினார். லுசுங்கு தலைத்துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைசியில் லாரியில் வந்த பெண்களில் ஒருத்திதான் மெல்லிய குரலில் பாட்டை எடுத்தாள். நேற்று எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாளே, அவள்.

அடக்கம் முடிந்தது. பூக் கட்டிய குச்சிகளை மண்மேட்டில் குத்தினார்கள். மாமா ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் போட்டு முடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். இளவட்டங்கள் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் ஜனங்கள் கைகழுவிவிட்டுக் களிக்கு உட்கார்ந்தபோது, தொரிக்கா விறகு எடுக்க வேலிப்பக்கம் போனாள். வேலிக்கு அப்பால், பாதையோரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும். இடுப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சிட்டேஞ்சி சுற்றியிருந்தாள். முழங்கால்வரை புழுதி. கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரலாமா போகலாமா என்று நின்றாள்.

தொரிக்கா வேலியருகே போனதும் அந்தப் பெண் முழங்காலை மடக்கி, கைகளை மெல்லத் தட்டி வணங்கினாள். எனெலெசி அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். மலைப்பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னாள். நேற்று விடிகாலையில் கிளம்பி நடந்தே வருகிறாளாம்.

"அவ இல்லம்மா. நேத்து செத்துட்டா. இது அவ சாவுதான்."

அந்தப் பெண் சற்று நேரம் முற்றத்தைப் பார்த்தாள். துக்கம் கேட்கும் வார்த்தைகளை முறையாகச் சொன்னாள். மறுபடி முழங்காலை மடக்கி வணங்கிவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

தொரிக்கா விறகைப் போட்டுவிட்டு வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "நில்லு. நான் அவ அக்கா."

"தெரியும்" என்றாள் அந்தப் பெண். "படத்துல பாத்தேன்."

சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தொரிக்கா இன்னொரு அடி எடுத்து வைத்தாள், அவள் இன்னொரு அடி பின்னால் போனாள். முற்றத்தில் யாரோ தொரிக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், உப்பு எங்கே என்று. தொரிக்கா திரும்பவில்லை.

பாதையோரத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தண்டு இருந்தது. தொரிக்கா அதில் போய் உட்கார்ந்தாள். கூப்பிடவும் இல்லை, கை நீட்டவும் இல்லை. பெண் நின்றுகொண்டே இருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு மரத்தண்டின் மறுகோடியில் நுனியில் ஒட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகத்தைத் தூக்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். அது அவள் வாடையைத் தொரிக்காவின் பக்கமாகக் கொண்டுபோகவில்லை, வேறு திசையில், மலையை நோக்கிப் போனது. அவள் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன.

தொரிக்கா எழுந்தாள். அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டு, காற்று போகும் பக்கமாக நடந்து, அவளுக்கு அந்தண்டைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.